கார்டினாலும் கஞ்சித் தொட்டியும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால், அதைத் தூக்கிக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதை அந்தக் காலத்தில் அப்பனின் வேலைதான் தீர்மானித்தது. துறைமுகத்தில் நிரந்தரத் தொழிலாளி என்றால் போர்ட் டிரஸ்ட் ஆஸ்பத்திரி. ரயில்வே என்றால் பெரம்பூர். திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியிலோ மோட்டார் சைக்கிள் கம்பெனியிலோ வேலை, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தமும் உண்டு என்றால் பக்கத்து டிஸ்பென்சரி. அதற்கு மேல் போனால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. கட்டுமரம், மீன் கூடை, உப்பளம், லாரி லோடு, ரிக்‌ஷா என்றால் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. ஸ்டான்லிக்கு எங்கள் ஊர் வைத்திருந்த பெயர் அது. ஒரே குழாயடியில் குடம் வைக்கும் நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு வாசல்.

நான் காசிமேட்டில் பிறந்தவன். அரசு மருந்தாளுநராக வடசென்னையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருந்தாளுநர் என்பது ஆர்டரில் இருக்கும் சொல். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு நான் எப்போதும் ‘கம்பவுண்டர் சார்’தான். டாக்டரைப் பார்த்து முடித்த கூட்டம் கடைசியில் வந்து நிற்கிற இடம் எங்கள் ஜன்னல். யார் மாதாமாதம் வருகிறார்கள், யார் மூன்று மாதம் காணாமல் போய்த் திரும்பி வருகிறார்கள், யார் வரவே இல்லை என்பதெல்லாம் அங்கே நிற்பவனுக்குத்தான் முதலில் தெரியும். பிள்ளைகளின் வலிப்புக்கான மருந்து எங்கள் பகுதியில் எப்படி வந்தது, யாருக்கு வந்தது என்ற கதையை அந்த ஜன்னல் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கஞ்சித் தொட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். ஹைதர் அலியோடு கிழக்கிந்தியக் கும்பினிக்குச் சண்டை நடந்த காலத்தில் பஞ்சம் வந்து, சுற்று வட்டாரத்துச் சனங்கள் பட்டணத்துக்குள் வந்து விழுந்தார்கள். 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற கும்பினி வைத்தியர் அந்தச் சத்திரத்தை ஒட்டி மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். ‘நேட்டிவ் இன்ஃபர்மரி’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. நேட்டிவ் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம், கோட்டைக்குள் 1664-லேயே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அது கும்பினிச் சிப்பாய்களுக்காக ஏற்பட்டது. பிற்பாடு ஜெனரல் ஆஸ்பத்திரியாக வளர்ந்த அதன் கதவு 1842-ல்தான் இந்தியர்களுக்குத் திறந்தது. மதில் சுவருக்கு உள்ளே வெள்ளைப் பட்டணம், வெளியே கறுப்புப் பட்டணம் என்று பிரித்த ஊரில் ஆஸ்பத்திரியும் நிறம் பார்த்துத்தான் பிரிந்தது.

1910-ல் சத்திரத்து ஆஸ்பத்திரியை அரசு எடுத்துக்கொண்டு ராயபுரம் ஆஸ்பத்திரி என்று பெயர் மாற்றியது. அங்கே நடந்த மருத்துவப் பள்ளி கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938-ல் கல்லூரி ஆனது. பெயர் எத்தனை முறை மாறினாலும் ஊர் சொன்ன பெயர் மாறவில்லை. கஞ்சிக்கு வந்த சனம்தான் அதன் சொந்தக்காரர்கள் என்பதைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள்.

ஆனால் வலிப்பு வந்த பிள்ளை நேராக ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. முதலில் அது பாட்டியின் கைக்குத்தான் போகும். சித்த வைத்தியத்தில் பிள்ளைப் பிணிகளுக்கென்றே பாலவாகடம் உண்டு. மாந்தத்தில் எத்தனையோ வகை, அதில் இசிவோடு வருவதும் ஒரு வகை. வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவுவார்கள். ‘சீர் தட்டிடுச்சு’ என்று வயிற்றைத் தடவி விடுவார்கள். தர்காவில் ஓதித் தாயத்துக் கட்டுவது, மாதா கோயில் எண்ணெயை நெற்றியில் வைப்பது, வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொள்வது எல்லாம் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் நடக்கும். எங்கள் பக்கத்தில் மத வித்தியாசம் குறைவு. நோய்க்கு முன்னால் அறவே இல்லை.

வலிப்பு வந்த பிள்ளை கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் எல்லா வீட்டு வழக்கம்தான். பட்டறையும் கிரேனும் நிறைந்த ஊரில் கையில் திணிக்க இரும்புக்கு என்ன பஞ்சம்? கப்பல் கொக்கியைக்கூடப் பிள்ளை கையில் வைத்து அழுத்தியதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் யார் எதைச் செய்தாலும் பெயர் அவருக்குத்தான். சாவி பெற்ற பெயர் அப்படிப் பெற்றது. காய்ச்சலோடு வரும் ஜன்னியிலும் இதே கதை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூறு பிள்ளையில் இரண்டிலிருந்து ஐந்து பிள்ளைக்கு அது வரும், பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். போனதற்கான புகழ் தாயத்துக்குச் சேரும். ஆகவே தாயத்துக் கட்டியவர்களை நான் ஒருபோதும் ஏளனமாகப் பேசியதில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள். போகாத வலிப்புக்கு மட்டும் தாயத்திடம் பதில் கிடையாது. அந்தப் பிள்ளைகள்தான் எங்கள் ஜன்னலுக்கு வந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த கம்பவுண்டர் புரோமைடு மிக்ஸ்சர் கலக்கி ஊற்றிய தலைமுறை. பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் கட்டுப்படுத்தும் என்று 1857-ல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மருத்துவர் சொன்னதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுவதற்கும் அது ஒன்றுதான் வலிப்பு மருந்து. உப்புக் கரிக்கும்; பிள்ளை துப்பும். நாளாக ஆக உடம்பில் கொப்புளம், புத்தியில் மந்தம். ‘உப்புத் தண்ணி வேணாம் சார்னு அழுவும்டா, ஆனாலும் ஊத்தித்தான் அனுப்புவேன்’ என்பார் அவர். வீட்டிலிருந்து வரும் பாட்டிலில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் மிக்ஸ்சர் ஊற்ற வேண்டும் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

அதற்கடுத்து வந்தது பெனோபார்பிட்டோன். எங்கள் சனத்துக்குக் கார்டினால். 1912-ல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரத்தில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் டாக்டர், வலிப்பு நோயாளிகள் இருந்த வார்டில் இரவுத் தூக்கத்துக்காகக் கொடுத்த மருந்து அவர்களுடைய வலிப்பையும் குறைப்பதைக் கண்டு எழுதினார். இன்றைக்கும் உலகத்திலேயே மிக மலிவான வலிப்பு மருந்து அது. அந்த ஹாப்ட்மன் யூதர். அவருடைய நாட்டில் 1933-ல் வந்த சட்டம் பரம்பரை வலிப்பு உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சொன்னது. 1938-ல் அவரையே டாக்காவ் முகாமில் அடைத்தார்கள். விடுதலையாகி அமெரிக்கா போய் 1948-ல் இறந்தார். வலிப்பு மருந்தின் சரித்திரத்தில் இனம் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மருந்து மலிவு என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் என் வீட்டுக் கதை வருகிறது. அப்பா ஹார்பரில் நிரந்தரம். என் தம்பிக்கு மூன்று வயதில் காய்ச்சல் இல்லாமலேயே வலிப்பு வர ஆரம்பித்தது. போர்ட் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் கார்டினால் எழுதினார்கள். அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்போது மாதாமாதம் மாத்திரையும் கூடவே வந்துவிடும். அம்மா படியிறங்க வேண்டியதில்லை, கூலி இழக்க வேண்டியதில்லை, பஸ் காசு இல்லை. வருஷக்கணக்கில் ஒரு வேளை தவறாமல் தின்றான். பத்து வயதுக்குள் டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். பிறகு அவனுக்கு வலிப்பு வந்ததில்லை.

எங்கள் வரிசையிலேயே, இரண்டு வீடு தள்ளி, அதே வயதில் இன்னொரு பையன். அவனுக்கும் அதே நோய், அதே மாத்திரை. அப்பா கட்டுமரக்காரர், அம்மா மீன் கூடைக்காரம்மா. மாத்திரை இலவசம்தான். ஆனால் அதை வாங்க விடியற்காலை வரிசையில் நிற்க வேண்டும். விடியற்காலையில்தான் மீன் கரைக்கு வரும். ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் அன்றைக்கு ஏலமும் இல்லை, விற்பனையும் இல்லை, ராத்திரி உலையும் இல்லை. ஆகவே வலிப்பு வந்த வாரம் மாத்திரை வாங்குவார்கள். வராத மாதம் விட்டுவிடுவார்கள். கார்டினாலைப் பொறுத்தவரை இது மருந்தே தின்னாமல் இருப்பதைவிட மோசம். உடம்பு பழகிய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம். அந்தப் பையன் பதினான்கு வயதில் படகில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்தான். அன்றைக்குப் பெரியவர்கள் அதைக் கடல் கொண்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த வேலைக்கு வரும் வரைக்கும்.

கம்பவுண்டர் ஆனபிறகு மாத்திரையை எண்ணிக் கொடுப்பது பெரிதில்லை, பிள்ளைக்கு ஏற்ப அதைப் பக்குவப்படுத்துவதுதான் பெரிது என்று புரிந்தது. 30 மில்லிகிராம் மாத்திரையைப் பிளேடால் பாதியாக்கி, கைக்குழந்தை என்றால் இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் நசுக்கி, பொட்டலம் மடிப்போம். ‘தேன்ல குழைச்சிக் குடு, பாட்டில் பால்ல போடாத. பால மிச்சம் வெச்சிட்டா மருந்தும் மிச்சம்’ என்று ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்ல வேண்டும்.

சிரப் வந்தபோது வேறு சிக்கல். பெனிடாயின் — 1938-ல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இருவர் நிறுவிக் காட்டிய மருந்து — சிரப்பாக வரும்போது அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பத்து நாள் பிள்ளைக்குப் போவது வெறும் சர்க்கரைத் தண்ணீர், வலிப்பு நிற்காது. கடைசிப் பத்து நாள் அடிவண்டல் முழுவதும் போய், பிள்ளை குடிகாரனைப் போலத் தள்ளாடும். அம்மா என்ன நினைப்பாள்? முதலில் மருந்து வேலை செய்யவில்லை என்று. பிறகு மருந்தே பிள்ளையைக் கெடுக்கிறது என்று. இரண்டும் அவள் கண்ணால் கண்டது. பாட்டிலை எப்படிக் குலுக்க வேண்டும் என்று ஜன்னலுக்கு உள்ளே நான் குலுக்கிக் காட்டினால், பின்னால் நிற்கும் வரிசை ‘இன்னா சார், டான்ஸ் ஆடினுகிறியா?’ என்று கத்தும். ஒரு நோயாளிக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காத ஜன்னல் அது. தனியார் கிளினிக்கில் இதே விஷயத்தை உட்கார வைத்துச் சொல்வார்கள். மருந்து ஒன்றுதான், அதோடு சேர்ந்து வரும் இரண்டு நிமிடப் பேச்சுத்தான் வித்தியாசம்.

வால்புரோயேட் சிரப்பில் கணக்கு இன்னும் நேரானது. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்குத் தினம் சுமார் 200 மில்லிகிராம், அதாவது ஐந்து மில்லி. நூறு மில்லி பாட்டில் இருபது நாளில் தீர்ந்துவிடும். கையிருப்புக் குறைந்த மாதங்களில் தலைக்கு ஒரு பாட்டில்தான் தர முடிந்தது. மீதிப் பத்து நாளை அம்மாக்கள் தாங்களாகவே ஈடுகட்டினார்கள்: ஐந்து மில்லியை மூன்று சொச்சமாக்கினார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்த வீடுகளில் அந்தக் கணக்கைப் போட வேண்டிய தேவையே வரவில்லை.

அந்த அட்டையும் நிலையானதில்லை என்பது பிறகு தெரிந்தது. 1955-ல் தமிழ்நாட்டுக்கு வந்த இ.எஸ்.ஐ. எங்கள் பகுதித் தொழிலாளியின் குடும்பத்துக்குப் பெரிய காவல். ஆனால் சந்தா நின்றால் கொஞ்ச காலத்தில் சலுகையும் நிற்கும். 1996-ல் பெரம்பூர் பி அண்ட் சி மில் மூடியதிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாக நிரந்தர வேலை சுருங்கச் சுருங்க, அதுவரை எங்கள் ஜன்னலுக்கு வராத முகங்கள் வரத் தொடங்கின. கையில் பழைய இ.எஸ்.ஐ. சீட்டு, அதில் பிள்ளைக்கு எழுதிய மருந்து. அதற்கப்புறம் எண்ணூர், மணலிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைதான் பெருகியது. சட்டப்படி கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு, ரெஜிஸ்டரில் பெயர் ஏறாதவர்களும் உண்டு. பிள்ளையின் மூளைக்கும் கம்பெனியின் லாப நஷ்டத்துக்கும் இப்படி ஒரு நூல் ஓடுவதை வேறு எந்த நோயிலும் இவ்வளவு துல்லியமாக நான் பார்த்ததில்லை.

மீனவர் வீடுகளுக்கு வேறொரு நாள்காட்டி. ஏப்ரல் 15-ல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில் கையில் காசு புழங்காது. எண்ணூர் குப்பங்களிலிருந்து பஸ் பிடித்து ராயபுரம் வரும் செலவுகூடப் பாரமாகும். மே, ஜூன் மாதங்களில் ஜன்னலில் சில முகங்களைக் காணாவிட்டால், ஜூலையில் அவர்கள் வார்டு வழியாகத்தான் வருவார்கள் என்று நாங்களே பேசிக்கொள்வோம். மழைக்காலமும் அப்படித்தான். கடல் மூடினால் மாத்திரையும் மூடும்.

இதற்கெல்லாம் வழி தெரியாத ஊரா சென்னை? இல்லை, உலகத்துக்கே வழி காட்டிய ஊர். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய அரசும், அன்றைய சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தியது. அதுவரை காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, முட்டை, பால். ஏழைகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் தின்ன மாட்டார்கள், குணமாகாது, வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும் என்பதுதான் படித்தவர்களின் எண்ணம். குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் இருந்த நோயாளிகளை வைத்தே 1959-ல் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கினார்கள். மருந்து இலவசமாக, தவறாமல் கையில் கிடைத்தால், சானடோரியத்தில் குணமாகும் அளவுக்கே வீட்டிலும் குணமாகும். வராதவரை வீடு தேடிப் போவது அந்த வைத்தியத்தின் பாதி. காசநோய் மருந்தை விட்டவர் வீட்டுக்கு ஆள் போகும் வழக்கம் அப்படித்தான் உலகம் முழுவதும் பரவியது.

வலிப்பு மாத்திரையை விட்ட பிள்ளையின் வீட்டுக்கு யாரும் போனதில்லை. காரணம் எளிது: காசம் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பரவும், வலிப்பு பரவாது. மற்றவர்களுக்கு ஆபத்தில்லாத நோய்க்கு வீடு தேடிப் போகும் பட்ஜெட் இல்லை.

மருந்தின் பக்கம் நம் அரசு செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்ததற்கு முன்பும் பின்பும் என்று எங்கள் தொழிலை இரண்டாகப் பிரிக்கலாம். முன்பு டப்பாவிலிருந்து கையால் எண்ணி, பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்த மாத்திரை, பிறகு அரசு முத்திரையோடு அட்டையில் வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. லேபில் சோதித்த பிறகே விநியோகம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன ஏற்பாடு. வலிப்பு மாத்திரை இல்லை என்று கையை விரிக்கும் நாட்கள் அதன்பின் வெகுவாகக் குறைந்தன. வெளிக் கடைகளில் அந்த நிம்மதி கிடையாது. பெனோபார்பிட்டோன் 1985-ம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் இருப்பது. கணக்குக் காட்ட வேண்டும், விலையோ அற்பம், லாபமும் அற்பம். எந்தக் கடைக்காரர் ஆசையோடு வாங்கி அடுக்குவார்?

அதேபோல் 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும், ஏழைப் பிள்ளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கச் செய்தன. ஆனால் காப்பீட்டின் கண்ணில் படுவது படுக்கையும் ஆபரேஷனும். தினம் இரண்டு வேளை வீட்டில் தின்னும் மாத்திரைக்கு அதில் பேக்கேஜ் எழுத முடியாது. வலிப்புள்ள பத்துப் பிள்ளையில் ஏழு பிள்ளையை மாத்திரையே காப்பாற்றிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஏழுக்கும் தேவைப்படுவது ஆபரேஷன் தியேட்டர் அல்ல. முப்பதாம் தேதி தீரும் மாத்திரைக்கு இருபத்தொன்பதாம் தேதி மாற்று.

இது ஏழை நாட்டில் முடியாத காரியம் என்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். கர்நாடகத்தில் மைசூர்ப் பக்கம் எளந்தூர் என்ற ஊரில் டாக்டர் கே.எஸ். மணி குழுவினர் கார்டினாலையும் பெனிடாயினையும் மட்டும் வைத்துக்கொண்டு கிராமத்து வலிப்பு நோயாளிகளை அவரவர் ஊரிலேயே பார்த்து நல்ல பலன் கண்டார்கள்; அந்த ஆய்வு 2001-ல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வெளியானது. அதற்கு முன்பே, 1998-ல், மேற்கு வங்கக் கிராமப் பிள்ளைகளுக்குக் கார்டினால் கொடுத்துச் சோதித்த ஆய்வும் அதே பத்திரிகையில் வந்தது. கார்டினால் தின்றால் பிள்ளை முரடாகும், மந்தமாகும் என்று பணக்கார நாடுகளில் அதை ஒதுக்கிக்கொண்டிருந்த காலம். அந்தப் பிள்ளைகளிடம் அப்படி வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. மலிவு மருந்து இரண்டாந்தர மருந்து அல்ல. இடையில் அறுந்தால்தான் எந்த மருந்தும் இரண்டாந்தரம் ஆகிறது.

பணக்கார நாட்டிலும் அறுகிற இடம் இருக்கிறது, ஆபரேஷன் கட்டத்தில். மாத்திரைக்கு அடங்காத சில வகை வலிப்புக்கு அமெரிக்காவில் மூளை அறுவை சிகிச்சை நல்ல தீர்வு. அந்த ஆபரேஷன் வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் கிடைக்கும் அளவுக்குக் கறுப்பினப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை, தனியார் இன்ஷூரன்ஸ் இல்லாத பிள்ளைக்கும் கிடைப்பதில்லை என்று அங்கே பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. அவர்களிடம் மெஷினும் உண்டு, சர்ஜனும் உண்டு. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு அனுப்பும் சீட்டு நடுவில் எங்கோ நின்றுவிடுகிறது. நம் பக்கம் திரும்பினால், இந்தியாவில் வலிப்பு இருந்தும் சிகிச்சை பெறாதவர்களின் பங்கு நகரத்து நடுத்தர வர்க்கத்தில் 22 விழுக்காடு, சில கிராமங்களில் 95 வரை என்று ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. வடசென்னை நகரம்தான். ஆனால் குப்பத்துப் பிள்ளைக்கு அந்த நகரத்துக் கணக்குப் பொருந்தாது.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு முடிச்சு. இந்துத் திருமணச் சட்டத்தில் அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்ற ஷரத்து இருந்தது. 1999-ல்தான் அதை எடுத்தார்கள். எங்கள் குப்பத்தில் அந்தச் சட்டத்தைப் படித்தவர் யாரும் இல்லை. ஆனால் அது சொன்னதை எல்லோரும் நடத்தினார்கள். பெண் வயதுக்கு வந்ததும் மாத்திரைச் சீட்டு வீட்டை விட்டு மறைந்துவிடும். ‘பேர எய்தாதீங்க சார், ஊருக்குத் தெரிஞ்சா யாரு கட்டுவான்?’ என்று கேட்டு, பையனின் பெயரில் மகளுக்கு மாத்திரை வாங்கிப்போன அம்மாவை எனக்குத் தெரியும். அவள் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. பொய்ப் பெயரில் ஒழுங்காக நடந்த வைத்தியம் அது.

2013-ல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் பார்க்க வேண்டிய முப்பது குறைபாடுகளில் வலிப்பும் ஒன்று. ஆகவே பிள்ளையைக் கண்டுபிடிக்க ஆள் உண்டு. கண்டுபிடித்த பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க டாக்டர் உண்டு. அட்டையில் மாத்திரை உண்டு. வைத்திருக்க வேண்டியவை எல்லாம் இருந்தும், பிள்ளைக்கும் மாத்திரைக்கும் நடுவில் இருக்கும் அந்த மாதாந்தரத் தூரத்தைக் கடக்கும் பொறுப்பு மட்டும் இன்றைக்கும் அம்மாவின் தலையில்தான் இருக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை போகிறது. எங்கள் தெருவிலும் பையோடு அந்தத் தங்கச்சி வருகிறார். என் பிரஷர் மாத்திரையை நான் வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன், நடந்து போய் வாங்கத் தெம்பு இருந்தும். வலிப்புள்ள பிள்ளைக்கு அதே பையில் மூன்று மாத மாத்திரை வர வேண்டும்; தடைக்காலத்துக்கு முன்னாலேயே, மார்ச் கடைசியிலேயே, வந்து சேர வேண்டும். மாத்திரை வாங்காத பிள்ளையின் பெயர் பதினைந்தாம் நாள் ஒரு நோட்டில் ஏறி, அந்த வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். 1959-ல் சேத்துப்பட்டில் பெரியவர்களுக்குச் செய்து காட்டியதுதான் இது. பிள்ளைகளுக்குச் செய்ய நமக்கு இன்னும் ஓர் ஆராய்ச்சி தேவையில்லை; ஓர் அரசாணை போதும்.